இரண்டு அறைகளின் ரீங்காரம்

இந்த வேலைக்கு வந்த முதல் மாதத்தில் உங்களுக்கு இரைச்சலை நீக்கத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். மின்விசிறி ஓடும் சத்தம், கரண்டு கம்பியிலிருந்து மைக்குக்குள் ஏறிவிடும் 'ம்ம்ம்' என்ற முனகல், பக்கத்து வீட்டு மோட்டார் எல்லாவற்றையும் பாட்டுக்குச் சேதமில்லாமல் உருவி எடுக்க வேண்டும். நானும் அப்படித்தான் கற்றேன். தைக்காட்டில் ஒரு சந்துக்குள் இருந்த ஸ்டுடியோவில், மாஸ்டரிங் அறையின் நாற்காலியிலேயே என் வேலைக்காலம் முழுவதும் போயிற்று. பக்திப் பாடல்கள், தேவாலயப் பாடகர் குழுக்கள், தொலைக்காட்சித் தொடர்களின் தலைப்புப் பாட்டுகள் என்று வெளியாகும் முன் கடைசிக் கைபட வேண்டிய எதுவும் என் மேசைக்கு வரும். சாயங்காலம் வலியசாலைக்கு நடந்தே வீட்டுக்குப் போவேன். ஓய்வுக்குச் சில வருடங்கள் முன்பு ஜெபசிங் வந்தார். அவரைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வேண்டும்.

முப்பதைத் தாண்டிய வயது. ஒல்லி. பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் ராத்திரி ஷிஃப்டு, வெளிநாட்டுக்காரர்களின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மிச்ச நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து லேப்டாப்பில் இசை செய்வார். இசை என்று அவர் சொன்னதில் தாளம் கிடையாது, மெட்டு கிடையாது, பாடுபவரும் இல்லை. ட்ரோன் என்றார். நான் பறக்கும் கருவியை நினைத்துக்கொண்டேன். தம்புரா மட்டும் ஒரு கச்சேரி முழுக்க வாசித்தால் எப்படியிருக்குமோ அப்படி என்று அவரே விளக்கினார். நின்றுகொண்டே இருக்கும் ஒலி. அது மெல்ல மெல்ல நிறம் மாறும்.

ஹார்டு டிஸ்க்கைச் செருகி ஓடவிட்டேன். முக்கால் மணி நேரத்துக்கு நீளும் ஒரே துண்டு. ஆரம்பமே ஒரு முனகல். எர்த் சரியில்லாத வீட்டில் பதிவு செய்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். பழக்கத்தில் என் கை இரைச்சல் நீக்கும் கருவியைத் திறந்துவிட்டது.

"மேடம், அத எடுக்கண்டாம்" என்றார் ஜெபசிங்.

"இது ஹம் இல்லையா?"

"ஹம்மு தான். ஆனா அதாக்கும் பாட்டு. அத எடுத்தா பின்ன அதுல ஒண்ணும் இல்ல."

சும்மா சோதித்துப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. முனகலை எடுத்ததும் திரையில் அலைகள் படுத்துவிட்டன, அறை வெறிச்சென்று ஆயிற்று. கருவியை மூடினேன். என்ன முனகல் இது என்று கேட்டேன். இந்தக் கேள்வியை நீங்களும் கேட்டுப் பழகுங்கள். எதையும் நீக்குவதற்கு முன், அது என்ன என்று கொண்டுவந்தவரிடம் கேட்டுவிடுங்கள்.

அவர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "எனக்க வைஃபுக்க ரூமு."

மனைவி பெயர் ஷீபா. நர்ஸ். கல்யாணமாகி ஒரு வருடம் நிறைவதற்குள் சவூதியில் ஒரு மருத்துவமனைக்குப் போய்விட்டாள். அவளுக்கும் ராத்திரி டியூட்டி, இவருக்கும் ராத்திரி ஷிஃப்டு. அதனால் பகலில்தான் பேச்சு. டியூட்டி முடிந்து குவார்ட்டர்ஸுக்கு வந்து கட்டிலில் சாய்ந்தபடி போன் போடுவாள். ஆரம்ப நாட்களில் நிறையப் பேசினார்கள். பிறகு பேசுவதற்கு இருப்பது குறைந்துகொண்டே வந்தது.

"பறயதுக்கு எல்லாம் பறஞ்சாச்சு மேடம். சாப்பிட்டியா, உறங்கினியா, அவ்வளவுதான். பின்ன சும்மா போன வச்சிட்டு கெடப்போம். அவ உறங்கிருவா. எனக்கு அந்த ரூமுக்க சத்தம் மட்டும் கேக்கும். ஃப்ரிட்ஜோ ஏசியோ, என்னமோ ஒண்ணு மூளிட்டு இருக்கும். ஒரு நாளு அதக் கேட்டுட்டே நானும் உறங்கிட்டேன். அன்னைக்குத் தோணிச்சு, இதுதான் இப்ப எங்க ரெண்டு பேருக்கும் வீடுன்னு."

அந்த அறையின் சத்தத்தைப் பதிந்து அனுப்பச் சொன்னார். அவள் எதற்கென்று கேட்கவில்லை. போனைத் தலைமாட்டில் வைத்துப் பதிந்து அனுப்பினாள். பல மாதங்களில் பல துண்டுகள். இந்தப் பக்கம் இவர் தன் அறையில் மைக் வைத்து, அதே நேரங்களில் தன் வீட்டுச் சத்தத்தைப் பதிந்தார். இரண்டையும் இழுத்து, அடுக்கி, நிறம் மாற்றிச் செய்ததுதான் அந்த முக்கால் மணி நேரம்.

இதில் இன்னொரு விஷயம் இருந்தது. நம் ஊர் மின்சாரம் நொடிக்கு ஐம்பது முறை துடிக்கும். சவூதியில் அறுபது. ஆகவே இங்கே ஃப்ரிட்ஜ் முனகும் சுருதி வேறு, அங்கே முனகும் சுருதி வேறு. எப்போதும் பாட்டு கேட்கும் தெருவில் பிறந்தவள் நான். கண்ணை மூடிக் கேட்டதும் பிடிபட்டது. இவருடைய அறை ஸட்ஜம் என்றால், அவளுடைய அறை அதற்கு மேலே சாதாரண காந்தாரம் என்கிற ஸ்வரத்தில் நிற்கிறது. பிசகே இல்லை. வீணையில் விரல் வைத்தாற்போல் இருந்தது.

ஜெபசிங்குக்கும் அது தெரிந்திருந்தது. "ரெண்டு நாட்டுக்க கரண்டும் சேந்து பாடுதுல்லா மேடம்" என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு வெட்கம் இருந்தது.

அடுத்த சில வாரங்கள் அந்தத் துண்டோடு கழிந்தன. மாஸ்டரிங்கில் நாம் செய்வது என்ன என்று உங்களுக்குத் தெரியும், அதை இங்கே விவரிக்கப் போவதில்லை. ஒன்றுமே நடக்காத ஒரு ஒலியை நாள் முழுக்கக் கேட்பது எப்படி என்று மட்டும் சொல்கிறேன். முதலில் அலுப்பு வரும். அப்புறம் கோபம் வரும். அதையும் தாண்டி உட்கார்ந்தால் காது தன்பாட்டில் தேட ஆரம்பித்துவிடும். கதவுக்கு அப்பால் யாரோ நிற்பதுபோல் இருக்கும். அவர்கள் பேசப்போகிறார்கள், இதோ பேசிவிடுவார்கள் என்று காத்திருப்போம். பேச மாட்டார்கள். துண்டு முடிந்துவிடும். வெளியே வந்தால் ஆஸ்பத்திரிச் சாலையின் ஹார்ன் சத்தங்கள் என் மேல் படாமல் போகும். வலியசாலைக்கு நடக்கும்போது டிரான்ஸ்ஃபார்மரின் அடியில் நின்று கேட்டிருக்கிறேன். பாதி ஸ்வரம்தான் இருக்கிறது, மீதி கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்று தோன்றும். எனக்கு அப்படிப் பிரிந்து இருந்தவர்கள் யாரும் இல்லை. இருந்தும் அடுத்த டிரான்ஸ்ஃபார்மரிலும் நின்றுவிடுவேன்.

வேலை முடிகிற சமயத்தில் ஷீபாவுக்கு லீவு கிடைத்தது. வழுதக்காட்டில் ஒரு சிறிய அரங்கில் ஆட்களை உட்காரவைத்து அந்தத் துண்டைப் போட்டுக்காட்ட ஜெபசிங்கின் நண்பர்கள் ஏற்பாடு செய்திருந்தார்கள். அங்கே ஷீபாவை முன் வரிசையில் உட்காரவைத்து, முதல்முறையாகக் கேட்கவைக்க வேண்டும் என்பது ஜெபசிங்கின் ஆசை. அவளுக்கு அதுவரை ஒரு நிமிடம்கூடப் போட்டுக்காட்டவில்லை.

நான் வேண்டாம் என்றேன். "முன்னாடியே இங்க அழைச்சுண்டு வாங்கோ. இது அவ ரூம். நாலு பேர் கேக்கறதுக்கு முன்னால அவ கேக்கட்டும்."

அவருக்கு அரை மனசு. ஆனாலும் அழைத்து வந்தார்.

ஷீபா உயரமான பெண். வந்திறங்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்து, "மேடத்துக்க காரியம் தான் இவரு எப்பவும் பறயும்" என்றாள். அவளை என் நாற்காலியில் உட்காரவைத்தேன். இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில் சரியாக ஒலி சேரும் இடம் அது. ஜெபசிங் பின்னால் சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். ஓடவிட்டேன்.

கேட்பவர் முகத்தைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள் என்று எப்போதும் சொல்வேன். முகம் மரியாதை காட்டும். கைக்கு அது தெரியாது. ஷீபாவின் கைகள் முதலில் மடியில் இருந்தன. காந்தாரம் மெல்ல ஏறி வந்ததும் வலது கை துப்பட்டாவைச் சுருட்ட ஆரம்பித்தது. பிறகு இரண்டு கைகளும் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டன. விரல் நுனிகள் வெளுத்துவிட்டன.

"மேடம், இத ஒண்ணு நிறுத்துவீங்களா?" என்றாள்.

நிறுத்தினேன்.

"இது அந்த ஃப்ரிட்ஜுல்லா?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"ஆமா" என்றார் ஜெபசிங். "நீ அனுப்பினதுதான். நல்லா வந்திருக்குல்லா?"

அவள் என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். அவரைப் பார்க்கவில்லை.

"எனக்க கட்டிலுக்க தலமாட்டுலயாக்கும் மேடம் அது இருக்கு. அந்த ரூமுல எங்க நாலு பேருக்கும் சேத்து உள்ளது. வேற எங்கயும் வைக்க எடமில்ல. டியூட்டி முடிஞ்சு வந்து கண்ணு அடயும்போ டப்புன்னு ஸ்டார்ட் ஆவும். காதுல பஞ்சு வச்சிட்டு படுப்பேன். அழுகயும் வரும், ஒறக்கமும் சீக்கிரம் வராது. இஞ்ச வந்து முந்தாநாளு அம்மைக்க வீட்டுல, அந்த சத்தம் இல்லாம, செத்த மாதிரி உறங்கினேன். இஞ்சயும் அதையேதான் கேக்கணுமா?"

ஜெபசிங் எழுந்து நின்றார். "எனக்கு அது நீயாக்கும் ஷீபா. அதக் கேட்டுட்டுத்தான் இத்தன நாளும் நான்..."

"நான் அந்த சத்தமில்ல" என்றாள்.

அறை ஒலி புகாத அறை. நம் அறைகளில் ஒருவர் பேசாமல் இருந்தால் அது எவ்வளவு கனக்கும் என்று உங்களுக்குப் போகப் போகத் தெரியும். அந்த நேரத்தில் எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. தேநீர் சொல்லிவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்விடலாம். அல்லது ஒலியைப் பற்றிப் பேசி, காந்தாரம், ஸட்ஜம் என்று விளக்கி, அவள் கேட்டது வேறு, இவர் செய்தது வேறு என்று சமாதானம் செய்யலாம். இரண்டாவது வழி நுனிநாக்கு வரைக்கும் வந்துவிட்டது. நல்லவேளையாக அதற்குள் ஷீபாவே அவரிடம் ஒன்று கேட்டாள்.

"இதுல ஒங்க சத்தம் எங்க? மொத்தம் எனக்க ரூமுதான கேக்கு."

அது நல்ல கேள்வி. இத்தனை வாரங்கள் அந்தத் துண்டில் மூழ்கிக் கிடந்த எனக்குத் தோன்றாத கேள்வி. ஜெபசிங் தன் அறையை வெகு கீழே புதைத்திருந்தார். ஸட்ஜமாக அது இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். தனியாகக் கேட்காது.

"எனக்க ரூமுல என்ன இருக்கு" என்றார் அவர்.

அவர் துண்டின் ஒலி இழைகளைத் தனித்தனியாகக் கொடுத்திருந்தார். வேலை செய்வதற்கு முந்தைய பச்சைப் பதிவுகளும் அந்த டிஸ்க்கில் இருந்தன. ஒருவருடைய பச்சைப் பதிவை அவர் அனுமதியில்லாமல் இன்னொருவர் காதில் போடக் கூடாது. நான் ஜெபசிங்கைப் பார்த்து, "போடட்டுமா?" என்றேன். அவர் தோளை ஏற்றி இறக்கினார். அதை அனுமதியாக எடுத்துக்கொள்ளாமல் இன்னொரு முறை கேட்டேன். "போடுங்க" என்றார்.

மின்விசிறி. ரெகுலேட்டரின் முனகல். ஜன்னலுக்கு வெளியே மீன்காரரின் ஹார்ன், தூரத்தில். நாற்காலி கிறீச்சிட்டது. இருமல். வெகு நேரம் வெறும் மின்விசிறி. நான் நிறுத்தப் போனேன். ஷீபா கையை உயர்த்தித் தடுத்தாள்.

அப்போது பதிவுக்குள் ஜெபசிங்கின் குரல் கேட்டது. மிகவும் தணிந்த குரல். "உறங்கியாச்சா?" பதில் இல்லை. மறுபடி நாற்காலி. தண்ணீர் குடிக்கும் சத்தம். பிறகு, "செரி, உறங்கு. நான் இஞ்ச உண்டு."

ஷீபா நாற்காலியைத் திருப்பினாள். "இது எப்ப?"

"நீ உறங்கும்போ."

"நான் உறங்கினா நீங்க கட் பண்ணிருவீங்கள்லா?"

"இல்ல."

"எழும்பும்போ பாத்தா எப்பவும் கட்டாயிருக்குமே."

"ஒனக்க அலாரம் அடிச்சாத்தான் கட் பண்ணுவேன். அப்ப ஒனக்குத் தெரக்குல்லா, டியூட்டிக்கு ஓடணும். என்னத்துக்கு அந்த நேரத்துல போனுல நிக்கணும்னு."

"அதுவரயும்?"

"இருப்பேன்."

"எனக்கு ஒண்ணும் கேக்காதே."

"மியூட்டுல போட்டிருப்பேன். இஞ்ச மீன்காரன் வருவான், ஃபேனு சத்தம். நீ எழும்பிரக் கூடாதுல்லா."

அந்த வருடங்கள் முழுவதும் அவள் அந்த ஃப்ரிட்ஜோடு தனியாகக் கிடந்ததாக நினைத்திருக்கிறாள். இவர் இந்தப் பக்கத்தில், பேசினாலும் கேட்காதபடி வாயை அடைத்துக்கொண்டு, கூடவே உட்கார்ந்திருந்திருக்கிறார். ஷீபா முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். ஜெபசிங் நின்ற இடத்திலேயே நின்றார். நான் இப்போதுதான் தேநீர் சொல்லப் போனேன்.

திரும்பி வந்தபோது அவர்கள் சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். ஷீபா தெளிவாகச் சொன்னாள். "ஒங்க ரூம நான் கேக்கேன். எத்தற வேணும்னாலும் கேக்கேன். எனக்க ரூம ஆளுகளுக்குப் போட்டுக் காட்டண்டாம். எடுத்துருங்க."

ஜெபசிங் என்னிடம் திரும்பினார். "மேடம், என்ன செய்யணும்?"

என் வேலைக்காலத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் அதுதான் கடினமானது. காந்தாரத்தை எடுத்துவிட்டால் அந்தத் துண்டு செத்துவிடும் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அதைச் சொன்னால், இசைக்காக விட்டுவிடம்மா என்று அவளைக் கெஞ்சுவதாகிவிடும். எடுத்துவிடுங்கள் என்று நான் சொன்னால், அவர் தன் முடிவுக்குப் பதிலாக என் முடிவைத் தூக்கிக்கொண்டு போவார், பின்னால் ஒரு நாள் அது அவர்கள் இருவருக்கும் நடுவில் வந்து நிற்கும். "என்ன செய்யணும்னு சொன்னா செஞ்சு தரேன்" என்று மட்டும் சொன்னேன். கோழைத்தனம் என்று உங்களில் யாராவது நினைக்கலாம். நம் நாற்காலிக்கு ஒரு எல்லை உண்டு. அது அங்கேதான் இருந்தது.

அவர் நெடுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எடுத்துருங்க மேடம்" என்றார். "ஒங்க கையில உள்ள காப்பியும் வேண்டாம்."

நம் தொழிலில் யாரும் எதையும் முழுதாக அழிப்பதில்லை. எங்காவது ஒரு பழைய டிஸ்க்கில் ஒரு பிரதி கிடக்கும். வாடிக்கையாளர்களே பல வருடம் கழித்து வந்து, கிடைத்தால் காலில் விழாத குறையாக நன்றி சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கும் ஒன்றை ஒளித்து வைத்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் ஒரு பெண் தன் அறையை வேண்டாம் என்று சொன்ன பிறகு, அதை நான் என் அலமாரியில் வைத்துக்கொண்டு என்ன செய்வது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லாப் பிரதிகளையும் அழித்தேன். வீட்டு லேப்டாப்பில் இருந்த துண்டையும் அவள் அறைப் பதிவுகளையும் ஜெபசிங் அன்றைக்கே அழித்துவிட்டார்.

வழுதக்காட்டில் அந்த நிகழ்ச்சி நடந்தது. ஜெபசிங் தன் அறையின் பதிவை மட்டும் வைத்து, அவசரமாக ஒன்றைச் செய்துகொண்டு போனார். மின்விசிறி, நாற்காலி, ஸட்ஜம். வந்தவர்கள் நெளிந்தார்கள். பாதியில் சிலர் எழுந்து போனார்கள். உண்மையைச் சொல்வதென்றால் அது சுமாரான துண்டுதான். ஷீபா கடைசிவரை கண்ணை மூடிக் கேட்டாள்.

லீவு முடிந்து அவள் சவூதிக்குத் திரும்பினாள். போன் முன்போலவே பகலில் திறந்து கிடந்தது, ஆனால் இந்த முறை மியூட் இல்லாமல். மீன்காரர் சத்தத்தில் இரண்டு முறை தூக்கம் கலைந்து திட்டினாளாம். ஒப்பந்தம் முடிந்ததும் திரும்பி வந்து, நெய்யாற்றின்கரையில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்துவிட்டாள். ஜெபசிங் இன்னும் இசை செய்கிறார். எனக்கு அனுப்புவார். நன்றாகவே இருக்கும். என்றாலும் கேட்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் என் காது அந்தப் பழைய காந்தாரத்தைத் தேடும். நான் தொட்ட வேலைகளில் மிகச் சிறந்தது இன்று உலகத்தில் எங்கும் இல்லை. அதை இன்னும் ஒரு தடவை, முழுசாக, நல்ல ஸ்பீக்கரில் கேட்டுவிட வேண்டும் என்ற ஏக்கம் எனக்குக் குறையவேயில்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். ஜெபசிங் தயிர் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். ஷீபா மீனைத் திருப்பிப் போட்டபடி, முகத்தைக் காட்டாமல் கேட்டாள்.

"மேடம், ஒரு காரியம் கேக்கட்டா? அன்னைக்கு அழிச்சீங்கள்லா, அது நல்ல பாட்டா?"

பொய் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. "நான் வேலை பண்ணினதுலயே அதுதான் உசத்தி" என்றேன். "அது போல இன்னொண்ணு என் கைக்கு வரல."

அவள் அடுப்பைத் தணித்தாள்.

"இத்தன வருஷத்துல அவரு ஒரு வாட்டிகூட எங்கிட்ட அதப் பறயல்ல" என்றாள்.

வெளியே கேட் திறந்தது. ஷீபா கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.